மைசூர் விளக்கும் அக்காவின் முட்டை அட்டையும்

மைசூரில் இரவு என்ற ஒன்றே கிடையாது, நாலு ராத்திரி அங்கே படுத்து எழுந்து என் இரண்டு கண்ணாலும் பார்த்துவிட்டு வந்துவிட்டேன்!

முதலில் மன்னிப்பு. ஹனூரில் எழுதி, நாலு படி எடுத்து, கொள்ளேகால் வரை வீடு வீடாகக் கை மாறும் நம்முடைய கையெழுத்துப் பத்திரிகை இந்த மாதம் பத்து நாள் தாமதம். ஏன் தாமதம் என்று படித்துக்கொண்டே வந்தால் தெரியும். போன இதழின் ஓரத்தில் 'மைசூர் போகிற செலவு, வழி எல்லாம் விவரமாக எழுது' என்று மூன்று பேர் பென்சிலில் எழுதியிருந்தீர்கள். அதையும் எழுதுகிறேன். ஆனால் இது வெறும் வழிவிவரமாக முடியப் போவதில்லை, ஏனென்றால் எனக்கே தலையும் காலும் புரியாத ஒன்று அங்கே நடந்தது.

போன காரணம் இரண்டு. ஒன்று என் அக்கா. ஹனூரிலேயே அவள் புகுந்த வீட்டில் ஒன்றரை ஏக்கர் மல்பெரி இருக்கிறது. அதை வைக்கச் சொன்னவளும் அவள்தான், தண்ணீர் பாய்ச்சுகிறவளும் அவள்தான். சந்தையில் வாங்கிய வித்தில், அதாவது புழுமுட்டையில், நோய் இருந்து, இரண்டு தடவை வளர்த்த பட்டுப்புழு கூடு கட்டாமலே செத்துவிட்டது. மூன்றாவது தடவையும் போனால் செடியைப் பிடுங்கிவிட்டு ராகி விதைப்பேன் என்று அவள் மாமனார் சொல்லிவிட்டார். மைசூரில் பட்டு இலாகாக்காரர்கள் தாய்ப்பூச்சியைப் பூதக்கண்ணாடியில் பார்த்து, நோய் இல்லாத முட்டையை மட்டும் கொடுக்கிறார்கள் என்று அக்கா கேள்விப்பட்டாள். போய் வாங்கி வர ஆள் வேண்டும்.

இரண்டாவது காரணம் நான். மைசூரில் நவராத்திரிக்கு அரண்மனை முழுக்க மின்சார விளக்குப் போடுவார்கள். நட்சத்திரம் என்றால் எனக்கு எவ்வளவு பைத்தியம் என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு பஞ்சாங்கத்தையும் ஓரம் கிழிந்த ஒரு வான்படத்தையும் வைத்துக்கொண்டு நானாகவே படித்த வித்தை. நட்சத்திரத்தைத் தரையில் இறக்கிக் கட்டினால் எப்படி இருக்கும் என்று பார்த்தே ஆக வேண்டும்! அக்காவுக்கு முட்டை, எனக்கு விளக்கு. சரியான ஏற்பாடு என்றுதான் கிளம்பினேன்.

வழி இது. ஹனூரிலிருந்து கொள்ளேகால் பதினைந்து மைல், காலை ஆறு மணி பஸ், ஏழணா. கொள்ளேகாலிலிருந்து எளந்தூர் வழியாகச் சாமராஜநகர் இருபத்தைந்து மைல், அதுவும் பஸ், பன்னிரண்டணா. எளந்தூர் வந்தால் மைசூர் சீமை. சாமராஜநகரிலிருந்து ரயில், முப்பத்தெட்டு மைல், மூன்றாம் வகுப்பு ஒன்பதரை அணா, மூன்று மணி நேரம். நஞ்சன்கூட்டில் நன்றாக நிற்கும், இறங்கிக் காப்பி குடிக்கலாம். வெள்ளிக்கிழமை விடியலில் கிளம்பி, மாலை ஐந்து மணிக்கு மைசூர் ஸ்டேஷனில் நின்றேன்.

அத்தை மகன் சுப்ரமணி அங்கே ரயில்வே பார்சல் ஆபீசில் வேலை பார்க்கிறார். தேவராஜ மொஹல்லாவில், மார்க்கெட்டுக்கு மூன்று நிமிஷ நடையில், ஒரு மாடி அறை. ஜன்னலைத் திறந்தால் ஆறடி தூரத்தில், சரியாகக் கண்ணுக்கு நேரே, தெருவிளக்கின் பல்பு. பொழுது சாய்ந்ததும் அது தானாக எரிந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மண்ணெண்ணெய் இல்லை, திரி இல்லை, புகை இல்லை. அதன் வெளிச்சத்தில் பஞ்சாங்கத்தில் உள்ள பொடி எழுத்தைக்கூடப் படித்தேன்.

அன்று ராத்திரி மொட்டைமாடிக்குப் போனபோது குழப்பம் தொடங்கியது. தென்கிழக்கில், அடிவானத்தை ஒட்டி, வளைந்து வளைந்து மேலே ஏறும் ஒரு நட்சத்திர வரிசை தெரிந்தது. என் படத்தில் அப்படி ஒன்று இல்லவே இல்லை. ஒரு மணி நேரம் பார்த்தேன், மற்ற நட்சத்திரம் எல்லாம் நகர்ந்தது, இது நகரவில்லை. படபடவென்று நோட்டில் வரைந்துகொண்டு கீழே ஓடி, புதுசாக ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று சுப்ரமணியிடம் சொன்னேன். அவர் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டார்.

"எந்தப் பக்கம்?"

"தென்கிழக்கு."

"ஏ மாராயா, அது சாமுண்டி பெட்டத்து ரோடு. மலெமேல ஏர்றதுக்கு லைட் போட்டிருக்காங்க. கை கழுவிட்டு வா மாப்ளே, கண்டுபிடிச்சது போதும்."

சனிக்கிழமை காலை பட்டு இலாகா அலுவலகத்தில் முட்டை வாங்கினேன். இரண்டு அட்டை, ஒவ்வொன்றிலும் காலணா அகலத்துக்கு வட்டம் வட்டமாக இருபத்தைந்து பூச்சி இட்ட முட்டை, கசகசாவைக் கொட்டி ஒட்டின மாதிரி. கொடுத்தவர் நிதானமானவர், எல்லாவற்றையும் இரண்டு தடவை சொன்னார். கறுப்புத் துணியில் சுற்றி இருட்டில் வைக்க வேண்டும். திங்கட்கிழமை வாக்கில் முட்டை நீலம் பாயும். புதன்கிழமை விடியலில் துணியைப் பிரித்து வெளிச்சம் காட்டினால் ஒரே மூச்சில் எல்லாம் பொரியும். ஒன்றாகப் பொரிந்தால்தான் ஒன்றாகத் தின்று, ஒன்றாகத் தூங்கித் தோல் உரித்து, ஒன்றாகக் கூடு கட்டும். முன்னும் பின்னுமாகப் பொரிந்தால் வளர்ப்பவர் பாடு திண்டாட்டம். இதையெல்லாம் அக்கா முன்பே விசாரித்து வைத்திருந்தாள் போல. கிழிந்த குடையிலிருந்து பிரித்த கறுப்புத் துணியைத் துவைத்துக் கூடையோடு கொடுத்து அனுப்பியிருந்தாள்.

ஞாயிறு காலை ரயிலுக்கு நான் கிளம்பியிருக்க வேண்டும். கிளம்பவில்லை. நவராத்திரி தொடங்குவது திங்கட்கிழமை. விளக்கைப் பார்த்துவிட்டுச் செவ்வாய் அதிகாலை ரயிலைப் பிடித்தால் சாயங்காலத்துக்குள் ஹனூர். புதன் விடியலுக்கு ஒரு முழு ராத்திரி மிச்சம். கணக்குச் சரியாகத்தான் இருந்தது, இப்போது போட்டுப் பார்த்தாலும் சரியாகத்தான் வருகிறது.

ஞாயிறு அமாவாசை. வெறுமனே மார்க்கெட்டைச் சுற்றினேன். சந்தில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த மாதப்பன் என்பவர் நம் ஹனூர்ப் பக்கத்துக்காரர், பேச்சிலேயே தெரிந்துவிட்டது. ராத்திரி ஒன்பது மணிக்கும் மூட்டை இறங்குகிறதே என்று கேட்டேன். "முன்னெல்லாம் பொழுது எறங்குனா எங்களையும் வுட்ருவாங்க. இப்ப இந்த லைட்ட அணைக்கற வரைக்கும் பொழுதுதானுங்களே," என்றார். வேலை முடிந்து மேடையில் படுக்கும்போது எல்லோரும் துண்டை முகத்தில் இறுக்கிச் சுற்றிக்கொள்கிறார்கள். வரிசையாக அப்படிப் படுத்திருப்பதைப் பார்க்க எனக்கு என்னவோ போல் இருந்தது. விளக்குக் கம்பத்தின் அடியில் ஈசலும் விட்டிலும் கை நிறைய அள்ளும் அளவுக்குக் குவிந்து கிடந்தன. பத்து மணிக்கு மேல் ஒரு மரத்தில் காக்கைகள் கரைந்தன. விடிந்துவிட்டது என்று நினைத்தனவா, தூக்கம் வராமல் திட்டினவா? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

திங்கள் மாலை. எப்படிச் சொல்வேன்! ஏழு மணிக்கு அரண்மனை முன்னால் கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு நிற்கிறேன், கோபுரம் மங்கலாக ஒரு நிழலாகத் தெரிகிறது, ஒரு கணத்தில் ஒவ்வொரு விளிம்பும், ஒவ்வொரு வளைவும் பொன்னால் கோடு போட்ட மாதிரி எரிந்தது. என் பக்கத்தில் நின்ற ஆள் யாரென்றே தெரியாது, அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவரும் உதறவில்லை. இதற்காக இன்னொரு தடவை எழுபத்தெட்டு மைலும் நடந்தே போகச் சொன்னாலும் போவேன். இதை மறைக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் இனி வருவதைப் படித்துவிட்டு நான் விளக்குக்கு விரோதி என்று நினைத்துவிடாதீர்கள்.

ஒன்பது மணிக்கு அறைக்குத் திரும்பி மாடி ஏறினேன். கிழக்கே கார்த்திகைக் கூட்டம் மேலே வந்திருக்க வேண்டிய நேரம். நிலா இல்லாத நாள், மேகமும் இல்லை. நம் ஊரில் கண்ணை மூடிக்கொண்டு காட்டுவேன். ஆறு எண்ணுவேன், நல்ல நாளில் ஏழாவதும் உண்டு. அன்று ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. கிழக்கு எது என்றே சந்தேகம் வந்து, ஜன்னல் எந்தப் பக்கம், ஸ்டேஷன் எந்தப் பக்கம் என்று திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டேன். தலைக்கு மேல் ஆகாய கங்கையும் இல்லை. அத்தனை பெரியது எப்படி இல்லாமல் போகும்? தெருவெல்லாம் தோரணமாகப் பல்பு, எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணில் குத்தியது. கையைக் குவித்து வைத்துப் பார்த்தேன், இடுக்கில் ஒளி வந்தது.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. போட்டோ பிடிக்கிறவர் தலையில் கறுப்புத் துணியைப் போட்டுக்கொள்கிறாரே! கீழே ஓடி, கூடையிலிருந்து அக்காவின் குடைத்துணியை உருவினேன். அட்டைகள் கசங்கக் கூடாது என்று ஜன்னல் மேடையில் ஒன்றையும், உள்ளே டிரங்குப் பெட்டியின் மறைவில் ஒன்றையும் சாத்தி வைத்தேன். பத்து நிமிஷம்தானே என்று நினைத்தேன். துணியைப் போர்த்தி, அட்டைக் குழாய் ஒன்றைக் கண்ணில் வைத்து, வானத்தைத் தேடினேன். முதலில் ஒரு புகைத் திட்டு. கொஞ்ச நேரம் போனதும் அதில் மூன்று, பிறகு நாலு. கண் பழகப் பழக ஐந்தாவதும் வந்தது. ஐந்து கிடைத்தால் ஆறாவதை எப்படி விடுவது?

மாடிப்படியில் ஏறி வந்த சுப்ரமணி என்னைப் பார்த்துவிட்டு, "மாப்ளே, ஊர்ல எல்லாரும் லைட் பாக்க வந்தா நீ போர்வைக்குள்ள என்ன தேடற?" என்று கேட்டார். மணி பத்தரை ஆகியிருந்தது. கண் எரிந்தது, மூடினால் இமைக்குள்ளும் வெளிச்சம். மார்க்கெட்டில் பார்த்த மாதிரி துணியை முகத்தில் சுற்றிக்கொண்டு மாடியிலேயே படுத்தேன். நாலு ராத்திரியில் அன்றைக்குத்தான் நன்றாகத் தூங்கினேன்.

விடியலில் கீழே வந்து பார்க்கிறேன், ஜன்னல் மேடையில் இருந்த அட்டையில் கறுப்பு நூல் துண்டுகள் நெளிகின்றன. மூன்றில் ஒரு பங்கு பொரிந்திருந்தது. பெட்டி மறைவில் இருந்த அட்டையில் இங்கொன்றும் அங்கொன்றுமாக ஏழெட்டு. முழுசாக ஒரு நாள் முன்னால்! பொரிந்த குஞ்சுப் புழுவுக்கு உடனே கொழுந்து இலை நறுக்கிப் போட வேண்டும், பட்டினி கிடந்தால் அப்போதைக்குச் சாகாவிட்டாலும் தேறாது. மல்பெரி எங்கே கிடைக்கும் என்று சுப்ரமணியை எழுப்பினேன். ஊருக்கு வெளியே போக வேண்டும், போனால் ரயில் போய்விடும் என்றார். ரயிலில் ஏறினேன். மூன்று மணி நேரம் கூடையை மடியில் வைத்து, துணியைத் தூக்கிப் பார்ப்பதும் மூடுவதுமாக வந்தேன். தூக்கிப் பார்ப்பதும் வெளிச்சம் காட்டுவதுதானே என்று பாதி வழியில்தான் உறைத்தது.

சாமராஜநகரில் பஸ் ஏறி ஓட்டுநருக்குப் பின்னால் உட்கார்ந்தேன். அவர் எளந்தூர்க்காரர், தமிழும் கன்னடமும் கலந்து பேசுவார். கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறார்.

"என்ன தம்பி, மடியில கோழிக்குஞ்சா? எட்டி எட்டிப் பாக்கறே."

விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"நம்ம மனேலயும் புழு உண்டு. எலெ போடலேன்னா சாயங்காலத்துக்குள்ள சுருண்டுரும், கொத்தா, தெரியுமா?"

எளந்தூருக்கு இந்தப் பக்கம், சாலையை ஒட்டிய ஒரு மல்பெரித் தோட்டத்தில் பஸ்ஸை நிறுத்தினார். இது பஸ்ஸா, பட்டுப்பண்ணையா என்று பின்னாலிருந்து ஒரு வியாபாரி கேட்டார். ரெண்டும்தான், அவசரமானால் இறங்கி நடக்கலாம் என்று ஓட்டுநர் சொன்னார். தோட்டத்து அம்மா அரிவாளோடு வந்தார். பறிக்க வந்தோம் என்று நினைத்துக் கோபமாகத்தான் வந்தார். கூடைக்குள் பார்த்ததும் அவரே நுனிக் கொழுந்தாகக் கிள்ளி, ஈரம் படாமல் முந்தானையில் துடைத்து, அரிவாள் நுனியால் பொடியாக நறுக்கித் தூவினார். எங்கே பொரிந்தது என்று கன்னடத்தில் கேட்டார். மைசூரில், விளக்கு வெளிச்சத்தில் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். காசு வாங்கிக்கொள்ளவில்லை. பஸ் நின்றது பன்னிரண்டு நிமிஷம்; கடிகாரம் வியாபாரியிடம் இருந்தது, அவர்தான் எல்லோருக்கும் சொன்னார்.

மூன்றரை மணிக்கு ஹனூர். அக்கா வாசலிலேயே கூடையை வாங்கித் துணியை விலக்கினாள்.

"நாளைக்கில்ல பொரியோணும்?"

"துணிய எடுத்துப் போட்டேன்க்கா. ராத்திரி முச்சூடும் லைட்டு பட்டுருச்சு."

"துணிய எதுக்குடா எடுத்த?"

"நட்சத்திரம் பாக்க."

அடிப்பாள் என்று நினைத்தேன். துணியை மறுபடி போர்த்திக் கூடையை நிழலில் வைத்தாள்.

"தெரிஞ்சுதா?"

"ஆறுல அஞ்சு."

"செரி, கத்திய எடு. எல நறுக்கோணும்."

அதிலிருந்து ஒரு மாதம் நானும் அவளும் மூன்று தட்டு வைத்து வளர்த்தோம்: முந்திப் பொரிந்தது, நடுவில் பொரிந்தது, சொன்ன நாளில் பொரிந்தது. ஒன்று இலை கேட்கும்போது ஒன்று தூங்கும், அது எழும்போது மற்றது தூங்கும். பத்திரிகை தாமதமானது இதனால்தான். முதல் தட்டில் மூன்றாம் தூக்கத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது. கடைசித் தட்டு, பெரும்பாலும் பெட்டி மறைவில் இருந்த அட்டை, ஏறக்குறைய முழுசாகக் கூடு கட்டிவிட்டது. எல்லாம் சேர்த்து அக்கா எதிர்பார்த்ததில் பாதிதான்.

மாமனார் தீர்ப்புச் சொல்லிவிட்டார். சர்க்கார் முட்டையும் சந்தை முட்டை மாதிரிதான், தை பிறந்ததும் செடியைப் பிடுங்குவது. முட்டையில் குறையில்லை, தம்பி வெளிச்சத்தில் வைத்ததுதான் கெடுத்தது, மறைவில் இருந்த அட்டையைப் பாருங்கள் என்று அக்கா வாதாடினாள். அவர் என்னைப் பார்த்து, "ஏப்பா, லைட்டு பட்டா முட்ட பொரியுமா? அப்ப எங்கூட்டுக் கோழி எதுக்கு இருவத்தோரு நாள் குந்தீட்டு இருக்குது?" என்று கேட்டார். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்கும் உண்மையாகவே தெரியவில்லை. வெளிச்சமா, பல்பின் சூடா? ஆறடி தள்ளி இருந்ததே. சனிக்கிழமை வெயிலில் தூக்கி வந்தபோது மேலே இருந்ததும் அந்த ஜன்னல் அட்டைதான், அதனால் இருக்குமா? தூக்கி வந்த குலுக்கலா? வெளிச்சம் என்றால் பார்ப்பதற்கு உதவுவது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அங்கே அது நட்சத்திரத்தை மறைத்தது, காக்கையைக் கத்த வைத்தது, மாதப்பனை ஒன்பது மணிக்கும் மூட்டை தூக்க வைத்தது. முட்டைக்குள் இருக்கிற, கண்கூடச் சரியாக முளைக்காத புழுவுக்கும் அது எட்டுமா? அந்த அரண்மனையை நினைத்தால் இன்னும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. இரண்டையும் ஒரே மனசில் எங்கே வைப்பது என்று விளங்கவில்லை.

போகிறவர்களுக்கு: போக வர, நஞ்சன்கூட்டுக் காப்பியும் சேர்த்து, நாலு ரூபாய்க்குள் முடியும். விளக்குக்காகப் போனால் நவராத்திரி முதல் நாளே போங்கள், மற்ற நாளைவிட அன்றைக்குத்தான் கூட்டம் குறைவாம். முகத்தில் கட்ட ஒரு கனமான துண்டு எடுத்துப் போங்கள், தெருவைப் பார்த்த அறையில் படுக்காதீர்கள். நட்சத்திரமும் வேண்டும் என்றால் ரயிலில் ஒன்பது மைல் ஸ்ரீரங்கப்பட்டணம் போய் ஆற்றங்கரையில் பார்க்கலாம் என்று சுப்ரமணி சொன்னார். நான் போகவில்லை, இருட்டாக இருக்குமா என்று பார்த்தவர்கள் சொல்லுங்கள். முட்டை வாங்கினால் அன்றைக்கே ஊர் திரும்புங்கள்.

இப்போது உங்களிடம் கேட்க வந்தது. பட்டு வளர்க்கும் வீட்டில் அடுத்த முட்டை வந்ததும், ஒரே அட்டையிலிருந்து இரண்டு வட்டம் வெட்டி எடுங்கள். நீலம் பாய்ந்த அன்று ஒன்றைக் கறுப்புத் துணியில் சுற்றி வையுங்கள், மற்றதை அதே அறையில் லாந்தரிலிருந்து ஆறடி தள்ளி ராத்திரி முழுக்க வையுங்கள். சூடு படக் கூடாது, வெளிச்சம் மட்டும். விடிந்ததும் எதில் எவ்வளவு பொரிந்தது என்று இந்தப் பக்கத்தின் ஓரத்தில் எழுதுங்கள். இரண்டும் ஒன்றுபோல் இருந்தால் அதையும் அப்படியே எழுதுங்கள், எனக்காகவோ அக்காவுக்காகவோ மாற்ற வேண்டாம். நாலு படியில் எது உங்கள் கைக்கு வந்தாலும் அடுத்ததாகப் புழு வளர்க்கிற வீட்டுக்கே கொடுங்கள், மார்கழி முடிவதற்குள் நாலும் ஹனூர் திரும்ப வேண்டும். மாமனாருக்கு எழுத்துத் தெரியாது, நான்தான் படித்துக் காட்டுவேன். ஆனால் கொள்ளேகால் வரை பட்டு வளர்க்கிற ஒவ்வொரு வீட்டையும் அவருக்குத் தெரியும். சொன்னது யார் என்று தெரிந்தால்தான் காது கொடுப்பார். அதனால் கீழே உங்கள் ஊரையும், வீட்டுப் பெரியவர் பெயரையும் தவறாமல் எழுதுங்கள்.